பாலைவனத்தில் புளிக்குழம்பு

"நீயும் வாக்கா, பாலைவனம், பனிமலை எல்லாத்தையும் பாத்துட்டு வருவோம்" என்று தம்பி வேலுசாமி கூப்பிட்டதும் முனீஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. புருசன் போனதிலிருந்து அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். போட்டோவுக்கென்றே சின்னாளபட்டியில் சிவப்புச் சுங்குடிச் சேலை எடுத்தாள். வேனில் ஏறிய பிறகுதான் காலடியில் அடுப்பையும் அரிசி மூட்டையையும் பார்த்தாள். தம்பி குடும்பத்துக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும். ரொட்டி தொண்டையில் இறங்காத மகாராசாக்கள்.

ராஜஸ்தான் மணல்மேட்டில் எல்லாரும் ஒட்டகம் ஏறினார்கள். கீழே முனீஸ்வரி மூட்டிய அடுப்பு காற்றில் அணைந்து அணைந்து போனது.

"அந்தப் புதுச் சேலைய விரிச்சு மறைச்சுப் பிடிக்கா, கொழம்பு கொதிக்கட்டும்" என்று வேலுசாமி ஒட்டகத்தின் மேலிருந்து கத்தினான்.

இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை பொசுங்கியது. பனிமலையிலும் அப்படியே நின்றாள்.

ஊர் திரும்பியதும், ஒட்டகத்தின் மேல் குடும்பத்தோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினான் வேலுசாமி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, படத்தின் மூலையில் விரல் வைத்தார்.

"இதென்னப்பா, செவப்பா?"

காபியோடு வந்த முனீஸ்வரி தம்பியின் வாயையே பார்த்தாள்.

"அதுவா? அடுப்புக்கு மறைப்புண்ணே" என்றான்.