பிளேடை மாத்தணும்

1

இந்தக் கதை என்னிடம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் காத்திருந்தேன். தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "முதல்ல பிளேடை மாத்தணும்" என்றது. மேசையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தவரின் கை பாதி வெட்டில் நின்றது. பிறகு வெட்டி முடித்தார். நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

பிளேடு மாற்றுவது அந்த வேலையில் தினப்படி சமாசாரம். அதற்கு ஏன் கை நிற்க வேண்டும்? விடை தேடி, அவருக்கு 'பிளேடு' என்று பட்டப்பெயர் வைத்தேன். பேசியே ஆளை அறுப்பவனுக்கு நம்மிடம் வேறென்ன பெயர்?

(பட்டப்பெயர் வைத்ததும் 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டது. நானும் இப்போதுதான் கவனித்தேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பிளேடு ஜன்னலருகே நின்று, வெகுநேரம் மௌனமாக மழையை—"

அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லோரும் இப்படித்தான் நிற்கிறார்கள். இவன் வெகுநேரம் மௌனமாக இருக்கிறவன் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: அக்கா புருஷன் நடத்தும் கடையில் பிளேடு (வீட்டிலும் அவனுக்கு இதே பெயர்தான்) மவுண்ட் அட்டை வெட்டுகிறான். மவுண்ட் என்பது படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நிற்கும் தடித்த அட்டை. அதில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பை, விளிம்பு உள்பக்கம் சாய்கிறபடி வெட்ட வேண்டும். நன்றாக வெட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். பிசிறு தட்டினால் படத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

பேத்தியின் படத்தோடு வந்த ஓர் அம்மாள் அவனிடம் மாட்டிக்கொண்டாள்.

"பிளேடு மழுங்கினது எப்பத் தெரியும்னு நினைக்கிறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலையேப்பா."

"கைக்குத் தெரியாதும்மா, அதான் விஷயமே. அது மழுங்க மழுங்க, கை தன்னால கொஞ்சம் கூடுதலா அழுத்திக் குடுத்துடும். நல்லாத்தான் வெட்டுதுன்னு நாம நினைச்சுட்டிருப்போம். அதனால சத்தத்தைக் கேக்கணும். புது பிளேடு ஸ்ஸ்ஸுன்னு போகும். பழசு கரகரன்னும். அந்தக் கரகர வர்றதுக்கு முந்தி மாத்துறவன்தான்..."

"என் படம் எப்பக் கிடைக்கும்?"

உள்ளேயிருந்து அத்தான் கத்தினார்: "மாப்ளே! அவங்கள விட்டுட்டு அட்டையை அறு!"

அம்மாள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்போது அவன் வெட்டியிருந்த அட்டையின் மூலையில் கோடு ஒரு மயிரிழை தாண்டியிருந்தது.

3

இனி கசப்பான பகுதி. தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

கொஞ்ச காலமாகவே அவன் வெட்டும் அட்டைகளில் பிசிறு. ஒரு பிளேடில் பல அட்டை பார்த்தவன், அட்டைக்கொன்று மாற்றினான். பிறகு திறப்பின் பக்கத்துக்கொன்று. குப்பை டப்பா முழுக்கப் பளபளவென்று பிளேடுகள், பாதிக்கு மேல் புத்தம் புதுசு.

(அடியில் விரிக்கும் அட்டையில் பழைய தடங்கள் இருந்தாலும் பிளேடு இழுபடும். அந்தச் சாக்கை அவனுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதையும் அவன் மாற்றிப் பார்த்துவிட்டான்.)

அவன் வெளியே போகும் நேரத்தில் அக்கா அந்த மவுண்டுகளைப் புது அட்டையில் திரும்ப வெட்டினாள். அவன் வெட்டியதைக் கிழித்துக் குப்பைக்கு அடியில் போட்டுவிட்டு, தன்னுடையதைச் சட்டத்தில் மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவனுக்குத் தெரியுமா? தெரியும். தன் கை வெட்டை அறியாதவன் உண்டா? மாட்டி வைத்த சட்டங்களில் சுத்தமான மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பான். ஊரில் எதைப் பற்றியும் பேசுகிறவன் அதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. அவன் தூங்குவது கடைக்கு மேலே இருக்கும் அறையில். அவனுக்குச் சொந்தமென்று இருப்பது இந்த அக்கா. இந்த மேசையை விட்டால் எல்லாமே கேள்விதான்.

4

ஆகவே, "முதல்ல பிளேடை மாத்தணும்."

நம் மொழியில், ஆங்கிலம்போல், பெயரைத் தனியாகக் காட்டும் பெரிய எழுத்து கிடையாது. அக்கா "மழுங்கிடுச்சு" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அது கருவி. "மழுங்கிட்டான்" என்றிருந்தால் தம்பி. ஒரு விகுதி போதும். நான் கேட்ட வாக்கியத்தில் அது இல்லை. தடுப்புக்குப் பின்னால் அத்தான் "ம்" என்றார். 'ம்'முக்குத் திணை கிடையாது.

5

முடிவு, ஒன்று. அக்கா புது பிளேடு பாக்கெட்டோடு வருகிறாள். "இந்தா, இதைப் போட்டு வெட்டு." தன்னைத்தான் மாற்றப் போகிறார்கள் என்று பயந்ததை அவன் சொல்ல, மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சிரித்து முடித்து அவன் வெட்டும் அட்டையிலும் பிசிறு இருக்கும். கிழித்துப் போட்டேன்.

முடிவு, இரண்டு. அவர்கள் சொல்வதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். எனக்கு மிகவும் பிடித்த வகை முடிவு. படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே போவான்? எனக்கே தெரியாமல் ஒருவனை நடுத்தெருவில் விட்டுவிட்டு, அதை அழகு என்று சொல்ல—

வேண்டாம்.

முடிவு, மூன்று. அவன் கேட்கிறான்.

அக்கா வெளியே வந்தபோது அவன் தலை நிமிரவில்லை. "எந்த பிளேடைக்கா?"

அவள் மேசைமேல் இருந்த அட்டையை எடுத்து, மூலையை விரலால் தடவினாள்.

"என்னடா கேள்வி இது? மழுங்கினதைத்தான்."

'மழுங்கினதை.' அஃறிணை! எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. கருவியைத்தான் சொல்கிறாள், ஆளை இல்லை. அப்புறம் அவள் புருஷனிடம் தம்பியைப் பற்றி எப்படிப் பேசுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். "அது எந்திரிச்சுச்சா?" "அது பாட்டுக்கு இருக்கு, விடுங்க." பிரியமாகத்தான் சொல்வாள். நம் வீடுகளில் பிரியத்துக்கும் இளக்காரத்துக்கும் ஒரே திணை.

அவன் வெட்டுக்கருவியின் திருகாணியைத் தளர்த்தி பிளேடை வெளியே எடுத்துவிட்டான். புதுசைப் போடவில்லை. அடுத்த வாக்கியத்துக்காக நிற்கிறான். அதை அக்காதான் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாமே அன்பானவை. எல்லாவற்றிலும் அவன் வேலை போனது.

உங்களிடம் வேறொன்று இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னாள்: "டேய், ....................."