ஆறாவது கிராஸில் இறங்கிய தூக்குக்குண்டு

ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டிய லேஅவுட்டின் ஆறாவது கிராஸ் தெருவில், வானத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு இறங்கித் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடும் அதே பித்தளைக் குண்டுதான். நூலின் மேல்முனை மட்டும் யார் கண்ணுக்கும் எட்டவில்லை. பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கரண்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, நூல் கரண்டுக் கம்பியில் உரசவில்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள். அன்று மத்தியானம் தெருச் சங்கத்தின் தலைவர் கேசவமூர்த்தி, மேஸ்திரி மல்லப்பனுக்குப் போன் போட்டு, வீடு சாய்ந்துவிட்டது என்று கத்தினார். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக மைசூரில் வீடு கட்டுகிற மல்லப்பன்தான் அந்தத் தெருவில் பதினோரு வீடுகளை எழுப்பியவர். பதறிக்கொண்டு வந்து ரசமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"சுவரு நேராத்தானுங்க இருக்குது. நீங்கதான் சாஞ்சிருக்கீங்க."

கேசவமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மட்டும் என்ன?"

மல்லப்பன் தன் நிழலைப் பார்த்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சாய்ந்திருந்தார்.

சொந்த வீடு வைத்திருந்தவர்களில் பதினான்கு குடும்பங்களின் பெரியவர்களும் இடதுபுறமாகச் சாய்ந்துபோனார்கள். குழந்தைகள் நேராக நின்றன. வாடகைக்கு இருந்தவர்களும் நேராக நின்றார்கள். அந்த எரிச்சலில் மூன்று வீடுகளில் காலி பண்ணச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது. காது டாக்டர் காதில் குறையில்லை என்றார். முதல் தசராவுக்குள் பழகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தார்கள், தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டார்கள், உடம்பு சாய்ந்த பக்கத்துக்குத் தோதாகப் பேண்டில் ஒரு காலைக் குட்டையாக்கித் தைத்துக்கொண்டார்கள். அதைத் தைத்துக் கொடுத்தவள் ராணி. கடைசி வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த விதவை. தெருவில் சொந்த மண் இருந்தும் நேராக நின்றவள் அவள் ஒருத்திதான்.

மல்லப்பனுக்குத்தான் பிழைப்பு கெட்டது. சாய்ந்த கண்ணுக்கு நேராகத் தெரிந்ததெல்லாம் சாய்ந்த சுவராகவே எழும்பியது. சாரத்தில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு பூசினார். ஊருக்குப் போனால் மனைவி மல்லம்மா அவருடைய வலது சட்டைப்பையில் அம்மிக் குழவியைப் போட்டுப் பார்த்தாள்; பை கிழிந்ததுதான் மிச்சம். இரண்டாம் வருஷ மழை ஓய்ந்ததும், பேண்டை இன்னும் அரை அங்குலம் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி ராணியிடம் போனார். தெருவில் தொங்கிய தூக்குநூலைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார்.

"எங்க வேதத்துல இது முன்னாடியே வந்திருக்கு மேஸ்திரி," என்றாள் ராணி, மெஷினை நிறுத்தாமல். "ஆடு மேய்ச்ச ஒரு தீர்க்கதரிசி பார்த்தாராம். கர்த்தர் மதில்மேல நின்னுக்கிட்டுக் கையில தூக்குநூல் பிடிச்சிருந்தாராம்."

"பிடிச்சு?"

"ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு வித்தவங்க ஊரை இடிச்சுட்டார்."

பதினோரு வருஷம் முன்னால், கேசவமூர்த்தியின் கார் ஷெட்டுக்கு இடம் போதவில்லை என்று, ராணியின் எல்லைக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து ஒன்றரை அடி தள்ளி நட்டது மல்லப்பன் கைதான். ராணி கேட்டபோது, கல் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று தெருவே கையெழுத்துப் போட்டது. அன்று கேசவமூர்த்தி எல்லோருக்கும் கேசரிபாத்தும் காப்பியும் கொடுத்தார்.

"பூரா ஊரையுமா இடிச்சாரு அம்மணி?"

"பூராவும். ஆனா கடைசியில திரும்பக் கட்டுவேன்னார். அறுத்து முடியறதுக்குள்ள உழுறவன் வந்து அறுக்கிறவனை எட்டிப் பிடிப்பான், மலையெல்லாம் இனிப்பா ரசம் வடியும்னார்."

"கட்டறதுக்கு மேஸ்திரி வேணுமில்லீங்களா," என்றார் மல்லப்பன், கொஞ்சம் தெம்பு வந்தவராக.

ராணி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "முதல்ல இடிக்க ஆள் வேணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெரு முழுக்கப் பார்த்திருக்க, மல்லப்பன் கார் ஷெட்டின் சுவரில் கடப்பாரையை இறக்கினார். சாய்ந்து நின்றதில் முதல் அடி தப்பிப் பூந்தொட்டியில் விழுந்தது. கேசவமூர்த்தி சாய்ந்தபடியே ஓடி வந்தார். "நிறுத்துங்கோ! பதினாலு பேர் கையெழுத்து இருக்கு!"

அவர் மனைவி ரங்கம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பதினாலு பேரும் எப்படி நிக்கறா பாருங்கோன்னா."

அவர் பார்த்தார். ஒரே பக்கம் காற்றடித்த வயல் மாதிரி நின்றது தெரு. உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்து, வண்டியை வெளியே நிறுத்தினார். பிறகு அவரே ஒரு செங்கல்லைத் தூக்கினார். அதைக் கீழே வைத்தபோது அவர் கழுத்தில் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரிசை இறங்க இறங்கத் தெரு நிமிர்ந்தது. பேண்டுகளின் குட்டைக் கால்கள் அசிங்கமாகத் தெரிந்தன.

கடைசிச் செங்கல்லும் போய்விட்டது. மல்லப்பன் மட்டும் சாய்ந்தே நின்றார். தூக்குக்குண்டு மெதுவாக ஆடி வந்து, எல்லைக்கல்லின் பழைய குழியின் மேல் நின்றது. அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கல்லு இங்கதானுங்க இருந்துச்சு அம்மணி. தெரிஞ்சேதான் பிடுங்கினேன்."

"தெரியும் மேஸ்திரி," என்றாள் ராணி. "அங்கேயே நட்டுடுங்க."

அவர் எல்லைக்கல்லைப் பெயர்த்து வந்து அங்கே நட்டு நிமிர்ந்தபோது முழுசாக நிமிர்ந்தார். கிணற்றில் யாரோ வாளியை இழுப்பது போல நூல் மேலே போனது.

ராணி அந்த ஒன்றரை அடி மண்ணில் அவரைக்கொட்டை விதைத்தாள். காலையில் ஊன்றியது மத்தியானம் பூத்து, நாலு மணிக்கெல்லாம் காய்த்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் நிற்கவில்லை. தெரு மொத்தமும் வந்து பறித்தது. பறித்து மாளவில்லை. விவசாயப் படிப்புப் படித்தவர்கள் வந்து மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனார்கள், பதில் எழுதவில்லை. இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் ரங்கம்மா பாதி வரிசையில் குனிந்திருக்கும்போதே, பின்னாலிருந்து ராணி விதைக் கூடையோடு வந்து நின்றுவிடுகிறாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க மாமி, விதை போடணும்."

"இரும்மா, இன்னும் பறிச்சே ஆகலை," என்று அலுத்துக்கொண்டே ரங்கம்மா நகர்ந்துகொள்கிறாள்.