முனியாண்டி மரத்துக் குளவிக்கூடு

ஆறாம் நம்பர் மலையில் முனியாண்டி இருக்கிறார். ஒரு கருங்கல், பக்கத்தில் துருப்பிடித்த சூலம், சூலத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். அவ்வளவுதான் அவர். தேயிலைக்கு நடுவே அவருக்குக் குடை பிடிப்பதற்கென்றே ஒரு பெரிய சவுக்கு மரம் நிற்கிறது. அந்த மரத்தில், அவர் தலைக்கு நேர் மேலே, ஒரு குளவிக்கூடு தொங்கியது. ஆளுயரக் கூடு. கொழுந்து பறிக்கிற பெண்கள் அந்த மலையில் வேலை உள்ள நாளெல்லாம் அதற்குக் கீழே கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையை மாட்டினார்கள்.

போன மாதம் அந்தக் கூடு கலைந்து என் அம்மாவைக் கொட்டியது.

அம்மா பெயர் நாகலெட்சுமி. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அன்றைக்குக் காற்று கூட்டை ஆட்டியதா, பருந்து தட்டியதா, யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். அம்மா தண்ணீர் வடிய வெட்டிய கான் இருப்பதைப் பார்க்காமல் கால் வைத்து விழுந்துவிட்டாள். லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஓடிப் போய்ப் பார்த்தபோது, வீங்கிய அந்த முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, அதனால் நான்தான் கேட்டுச் சொன்னேன். இவருடைய உடம்புக்குக் குளவி விஷம் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது, இன்னொரு தடவை கொட்டினால் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு வந்து சேரமாட்டார் என்றார். நான் பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "கவனமா இருக்கணுமாம்மா" என்றேன்.

நான் சாமி கும்பிடாத பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவள். திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தவள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தவள். அம்மா வீட்டுக்கு வந்ததும் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். முனியாண்டிதான் காப்பாத்திக் குடுத்தாராம். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சுருக்கென்றது. காப்பாற்றியவர் அவர் என்றால், கொட்ட விட்டது யார்? கூடு அவர் தலைக்கு மேலேதானே தொங்குகிறது? கொட்டும்போது சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிழைத்த பிறகு வந்து பேர் வாங்கிக்கொள்கிற ஆளை, அவர் மனுஷனாக இருந்தால், நாங்கள் என்னவென்று ஏசுவோம்?

இதை என் சிநேகிதி ரிஃப்னாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் வாப்பா நோர்வூட் டவுனில் சாமான் கடை வைத்திருக்கிறார். நாங்கள் ஒரே வகுப்பு.

"நானும் எங்க உம்மாகிட்ட இப்படி ஒண்டு கேட்டேன்டி," என்றாள் ரிஃப்னா. "நல்ல மனுசங்களுக்கு ஏன் கஷ்டம் வருதுன்னு. மொதல்ல தவ்பா செஞ்சு அல்லாகிட்ட மன்னிப்புக் கேளு, பொறகு சாப்பிட வான்னு சொன்னாங்க. இப்ப நான் மனசுக்குள்ள மட்டும்தான் கேக்குறது."

எனக்கு மனசுக்குள் கேட்டுப் பழக்கமில்லை.

அம்மாவின் மருத்துவ லீவு முடியும் நாள் நெருங்கியது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அந்த வாரம் கொழுந்து எந்த மலையில் என்று விசாரித்தால், ஆறாம் நம்பர் மலையாம். நான் நேரே முத்துலிங்கம் கங்காணி வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்க்கிற கங்காணியும் அவர்தான், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

"கங்காணியய்யா, அந்தக் கூட்ட எடுக்கச் சொல்லுங்க. எங்கம்மாவுக்கு இன்னொரு தடவ கொட்டுனா உசுரு தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அது சாமி மரம் புள்ள. அதுல கை வச்சவன் ரத்தம் கக்கித்தான் சாவான்."

"அப்ப அம்மாவுக்கு வேற மலையில வேல குடுங்க."

"ஒருத்திக்காகத் தனி மலையா? நாளைக்கு எல்லாவளும் வந்து நிப்பாளுக."

வெளிக்கள வேலைகளைப் பார்க்கிற கண்டாக்கையாவிடமும் போனேன். "கூடு எடுக்க ஆள் அனுப்ப எனக்கென்ன கஷ்டம்? ஒங்க கோயில் கமிட்டிதானே வேணாங்குது," என்று சிரித்தார். எவ்வளவு வசதி பாருங்கள். தோட்டம் சாமியைக் காட்டுகிறது, சாமி வாயைத் திறக்கவே இல்லை.

விஷயத்தை உடைத்துச் சொன்னது லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பேச்சியம்மா அக்காதான். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர். "கூடு எடுக்கணும்னா மலைய மூடணும். மூடிட்டா கொழுந்து முத்திரும். முத்திருச்சுன்னா தோட்டத்துத் தொர கங்காணியத்தான் ஏசுவாரு. அதுக்குத்தான் சாமி, பூதம் எல்லாம்," என்றார். சொல்லிவிட்டு, யாருக்காவது கேட்டுவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் விடவில்லை. பின்னேரமானால் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அவருக்கு மானம் போனது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில், எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சரி. பூ போட்டுப் பாப்பம். வெள்ளப் பூ வந்தா கூட்ட எடுப்பம். செவப்பு வந்தா இனிமே இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. நிஷாந்தி, நீயே எடு. கன்னிப் புள்ள கைக்குச் சாமி பொய் சொல்லாது."

எங்கள் தோட்டத்தில் கல்யாணம், சாவு வீட்டுக் காடாத்து, கோயில் கொடியேற்றம் எதற்கும் பூ போட்டுத்தான் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. வெளியே தெரியாமல் வெற்றிலையில் சுருட்டி நூலால் கட்டி வைப்பார்கள். கையில் வருவது சாமியின் வாக்கு.

அன்று பின்னேரமே எல்லாரும் முனியாண்டியிடம் ஏறினோம். குளவி கலையக் கூடாது என்று மேளம் வேண்டாம் என்றார்கள். பூசாரி வீரய்யா வாய்க்குள்ளேயே மந்திரம் சொன்னார். சாமியின் உத்தரவு கேட்கப் போனவர்கள் குளவிக்குப் பயந்து கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. கங்காணி தன் வீட்டிலிருந்தே இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன். ஏசியதெல்லாம் மன்னிச்சிரு, கேட்ட கேள்வியெல்லாம் மன்னிச்சிரு, எங்கம்மாவ மட்டும் விட்ரு, இனி ஒண்ணும் கேக்கமாட்டேன் என்று அந்தக் கல்லிடம் கெஞ்சினேன். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு.

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு நிமிஷம் நான் அத்தனையையும் நம்பினேன். சாமி இருக்கிறது, அது என்னைக் கேட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டது, என் கையாலேயே என் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று நம்பினேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கொடுக்காத அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பறித்தேன். கங்காணி கையால் மறைக்க வந்தார். அதற்குள் நூல் அறுந்துவிட்டது.

அதுவும் சிவப்பு.

"ரெண்டும் செவப்பு!" குளவியாவது ஒன்றாவது, நான் கத்தினேன். "பாருங்க, ரெண்டும் செவப்பு! ரெண்டையும் இவருதான் வச்சிருக்காரு!"

இப்போது கங்காணியின் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த மலைநாட்டிலேயே கிடையாது. பூசாரி வீரய்யா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "அய்யோ முனியாண்டி! வெள்ளப் பூவையே செவப்பா மாத்திட்டியே! அவ்வளவு கோவமாய்யா ஒனக்கு!" என்று அப்படியே தரையில் விழுந்தார். அவருக்குப் பின்னால் எல்லாரும் விழுந்தார்கள். குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையோடு விழுந்தார்கள். யாரும் கங்காணியைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். முதலில் அவர் முகம் வெளிறித்தான் போனது. பிறகு சனம் விழ விழ அந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கடைசியில் அவரும் கையைத் தூக்கி, "முனியாண்டி!" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கும்பிடுக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

"பொய்! அந்தாளு பொய்க்காரன்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். சொந்த அம்மா! நான் அவள் கையைக் கடிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. என் வாயைப் பொத்திக்கொண்டே கங்காணியிடம் பேசினாள்.

"கங்காணியய்யா, சாமிக்கு இவ்வளவு கோவம் இருந்தா நாங்க எப்புடி இந்த மலையில ஏறுறது?"

"என்ன சொல்ற?"

"ஒரு பூ செவப்புன்னா மரத்தத் தொடாதேன்னு அர்த்தம். ரெண்டும் செவப்புன்னா, மலையிலேயே கால் வைக்காதேன்னுதான அர்த்தம்? பூசாரியய்யா, நீங்க சொல்லுங்க."

வீரய்யா இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தார். "ஆமா தாயி, அப்புடித்தான்," என்றார்.

"அப்புடின்னா நான் ஏறமாட்டேன்," என்றார் பேச்சியம்மா அக்கா. "நானும் ஏறல," என்றது இன்னொரு குரல். அதற்குப் பிறகு யார் யார் சொன்னார்கள் என்று தெரியாத அளவுக்குப் பெண்கள் எல்லாருமே சொன்னார்கள்.

கங்காணி திணறினார். "இல்ல இல்ல, அதுக்கு அப்புடி அர்த்தம் இல்ல..."

"அப்ப எப்புடிய்யா?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வெள்ளப் பூவ யாரு செவப்பாக்குனது? சாமியா, இல்ல வேற யாருமா?"

சாமி மாற்றவில்லை என்று சொன்னால் மாற்றியது கங்காணிதான் என்று ஆகிவிடும். அவர் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு பெண்ணும் ஆறாம் நம்பர் மலைக்குக் கிளம்பவில்லை. கங்காணி மிரட்டினார், கெஞ்சினார். சாமி உத்தரவு என்றார்கள். கொழுந்து முத்தத் தொடங்கியது. தொரை ஜீப்பில் வந்து எல்லார் முன்னாலும் கங்காணியை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த வாரம் முடிவதற்குள் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, புகை போட்டு, கிளையோடு கூட்டை இறக்கி எரித்துவிட்டார்கள். யாரும் ரத்தம் கக்கவில்லை.

முனியாண்டி கனவில் வந்து உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கங்காணி கோயிலில் அறிவித்தார். அதையும் நம்பினார்கள். வெள்ளிக்கிழமை முனியாண்டிக்கு நன்றிப் பூசை. அம்மா குளித்து, முடியைத் துவட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"நான் வரல."

"ஏன்?"

"ஏனா? அந்தாளு ஏமாத்துனதக் கையும் களவுமாப் புடிச்சது நானு. நீங்க என் வாயப் பொத்தினீங்க. ஏமாத்துனான்னு ஒரு வார்த்த சொல்லல. திரும்பவும் அந்தக் கல்லத்தான் பெரிய ஆளாக்கிட்டு வந்திருக்கீங்க."

"நீ சொன்னப்ப ஒருத்தராவது கங்காணியப் பாத்தாங்களா?"

"பாக்கலன்னா? பாக்குற வரைக்கும் கத்தணும்!"

"நீ கத்திக்கிட்டு இருப்ப. திங்கக்கெழம நான் மலையில ஏறியிருக்கணும்."

அவள் சொன்னது உண்மை என்பதே என்னை இன்னும் எரிய வைத்தது. இவ்வளவு புத்தி இருக்கிற ஒருத்தி, தன் உயிர் தனக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டால் ஒரு நாய் கூடத் திரும்பிப் பார்க்காதாம். கல்லின் பேரைச் சொல்லிக் கேட்டால் தோட்டமே நிற்குமாம். இதென்ன ஊர், இதென்ன சாமி!

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "நீங்க அந்தச் சாமிய நம்புறீங்களா, இல்லையா?"

அம்மா துவாயைக் கொடியில் போட்டாள். கொட்டிய தடிப்பு கழுத்தில் இன்னும் கறுப்பாக இருந்தது.

"குளவி கொட்டிக் கானுக்குள்ள கெடந்தப்ப, அவரு எனக்கு நாலு எட்டுத் தூரத்துலதான் இருந்தாரு. அவரக் கூப்புடணும்னு எனக்குத் தோணவே இல்ல புள்ள. நிஷாந்தி, நிஷாந்தின்னுதான் கத்துனேன்."

சொல்லிவிட்டுக் கற்பூரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, யாரை அடிப்பது என்று தெரியாமல் சுவரைப் போட்டு அடித்து அழுதேன்.