ஹோலுக்குள் ஒரு லொறி எஞ்சின்

கோப்பாய்ச் சந்தியில் பொன்னம்பலத்தின் லொறி திரும்பினால் பின்னால் வருகிற பஸ்காரருக்குப் பாதை தெரியாது. அவ்வளவு புகை. ஏற்றிய வெங்காயமே கறுத்துப்போய்த்தான் தம்புள்ளைச் சந்தையில் இறங்கும். எஞ்சினை முழுதாகக் கழற்றிச் செய்யாவிட்டால் இனி அது சாவகச்சேரியும் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். யார் கழற்றுவது என்பதில்தான் சண்டை.

“நீக்கிலாப்பிள்ளை அண்ணையின்ரை கராச்சிலை விடுங்கோ,” என்றாள் மனைவி குணலட்சுமி. “அந்தாள் எத்தினை எஞ்சின் பாத்தவர். உங்களுக்கேன் இந்த வேண்டாத வேலை?”

“என்ரை லொறியிலை வேறை ஆக்கள் கை வைக்கிறதோ? உமக்கென்ன விசரே?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்துவாரா? நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய், இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்தார். எஞ்சினைத் தானே செய்வாராம். அது ஓடாவிட்டால் லொறியை விற்றுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாராம்.

வீட்டிலேயே! குணலட்சுமி அடுப்படி வாசலிலேயே குந்திவிட்டாள். லொறி ஒருநாள் நின்றாலே அடுப்படிக்குள் வந்து நின்று, புளி காணாது, ரேடியோச் சத்தம் கூட, விளக்குமாறு ஏன் இந்த மூலையில் நிற்குது என்று நொட்டை சொல்லுகிற மனிதர். கிழமையில் பாதி நாள் அவர் தம்புள்ளைப் பாதையில் இருந்தபடியால்தான் மிச்ச நாளில் இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டதும் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் மண் விழ விடுவாளா? எஞ்சின் ஓடியே ஆகவேண்டும். அவ்வளவுதான் கதை.

சோளகக் காற்று வாரியடித்த காலம். முற்றத்தில் வைத்துத் திறந்தால் செம்மண் முழுக்க எஞ்சினுக்குள்தான் போகும். “வீட்டு ஹோலுக்குள்ளை கொண்டு வாங்கோ,” என்று குணலட்சுமியே சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி கஜீபன் மாமரக் கொப்பில் சங்கிலிக் கப்பி கட்டி எஞ்சினைக் கிளப்பி இறக்கினான். அத்தானும் மைத்துனருமாக அதைப் பைப் துண்டுகளின் மேல் உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சோபா வெளியே போனது. தங்கள் வீட்டு விசேசத்துக்குச் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் எஞ்சினைச் சுற்றிப் பாயில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

பிறகென்ன, வீடு அல்லோலகல்லோலம். நெல் அவிக்கிற கிடாரத்தில் வால்வுகள் வெந்தன. பிஸ்டனை உள்ளே இறக்க அதன் வளையங்களை நெரித்துப் பிடிக்கவேண்டும், அதற்கான சாமான் கையில் இல்லை. குணலட்சுமி பால்மா ரின் தகரத்தை வெட்டி வளைத்துக் கொடுத்தாள். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனதும் பொன்னம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைத் தூக்கிச் சுற்றப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்கக் கட்டிலில் கிடந்தபடியே கட்டளை போட்டார். கடவுளே, இப்படி ஒவ்வொரு நாளுமா என்று நினைத்து, குணலட்சுமி இன்னும் வேகமாக நட்டுகளைத் துடைத்தாள்.

ஒருவழியாக எஞ்சின் லொறியில் ஏறியது. ஸ்ராட் பண்ண வெள்ளிக்கிழமை காலை நல்லநேரம். தேத்தண்ணிக் கடையே எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளையும் கராச்சைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, சந்தனம் பூசி, எல்லாம் முறைப்படி. ஒரு மூடி மட்டும் பூட்டாமல் கிடந்தது. “அதைப் பிறகு பாப்பம், ராகுகாலம் வரப்போகுது,” என்று பொன்னம்பலம் ஏறி உட்கார்ந்தார்.

முக்கியது. இருமியது. பிடித்தது! புகை துளியும் இல்லை. முற்றம் முழுக்கக் கைதட்டல், கஜீபன் விசில் அடித்தான், குணலட்சுமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பொன்னம்பலம் சந்தோசம் தாங்காமல் ஓங்கி மிதித்தார். எஞ்சின் உறுமியது, திணறியது, கறுகறுவென்று கக்கியது, நின்றுவிட்டது.

மறுபடி ஸ்ராட் அடித்தார். பிடிக்கவில்லை. முகம் செத்துப்போய் இறங்கினார்.

“சொன்ன சொல்லு சொல்லுத்தான். வித்துப்போட்டு வீட்டிலை இருக்கிறன்.”

“பொறு பொன்னம்பலம்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “டீசல் வருகுது. எஞ்சினுக்குக் காத்துத்தான் போகேல்லை.”

குணலட்சுமி லொறியை நிமிர்ந்து பார்த்தாள். சாரதி அறைக்குப் பின்னால் உயர்ந்து நின்ற குழாய்க்குச் செவ்வந்தி மாலை போட்டது அவள்தான். சாமிக்குப் போடுவதுபோல் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போட்டாள். இப்போது மாலையைக் காணவில்லை! எஞ்சின் மூச்சு எடுக்கிற குழாய் அதுதான், பூட்டாமல் விட்ட மூடியும் அதனுடையதுதான் என்று இப்போதுதான் விளங்கியது, மாலை போடும்போது அவளுக்கு என்ன தெரியும்? சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் மனிதர் ஆயுளுக்கும் அடுப்படியில்.

“ஐயோ, மாலையை எஞ்சின் திண்டிட்டுது!” என்று கத்தினாள்.

நீக்கிலாப்பிள்ளை ஏறிக் கையை விட்டு இழுத்தார். பூ, நார், நூல் எல்லாம் கொத்தாக வந்தது. “நல்லகாலம், காத்து வடிக்கிற பில்டரிலை தடக்கி நிண்டிட்டுது,” என்றவர் அதற்கு மேல் கதைக்க முடியாமல் சில்லில் சாய்ந்து நின்று சிரித்தார். மிச்சம் இருந்ததையும் தட்டித் துடைத்து, மூடியைப் பூட்டி, மறுபடி ஸ்ராட் அடித்தார்கள். எஞ்சின் பிடித்தது. மிதிக்க மிதிக்க உறுமியது. நிற்கவே இல்லை.

பொன்னம்பலத்தைப் பிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வெங்காய லொறிக்காரர் ஒருவர், “அண்ணை, எங்கடையையும் ஒருக்காப் பாருங்கோவன்,” என்று கேட்டுத் தொலைத்தார்.

“பாக்கிறதென்ன? கொண்டு வாரும்! எல்லாரும் கொண்டு வாங்கோ! இனி லொறியைக் கஜீபன் ஓடட்டும். நான் வீட்டிலையே கராச் போடப்போறன். ஹோல் இருக்குத்தானே!”

எந்த எஞ்சினுக்காக குணலட்சுமி இத்தனை பாடுபட்டாளோ, அதுவே மனிதரை வீட்டில் இருத்திவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிசம் தடுமாறினாள். பிறகு சிரிப்புத்தான் வென்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறியில் ஏறி, ஓட்ட உட்கார்ந்துவிட்ட தம்பிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

“லொறியை எடடா தம்பி.”

“எங்கையக்கா?”

“நீ எங்கை போறியோ அங்கை. தம்புள்ளை எண்டாலும் சரி.”

லொறி அசைந்தது. பொன்னம்பலம் சாரத்தை மடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். “இஞ்சேரும், இஞ்சேரும்! அப்ப மத்தியானச் சமையல்?”

குணலட்சுமி யன்னலால் தலையை நீட்டினாள்.

“வீட்டிலை இருக்கிற ஆள்தான் சமைக்கிறது!”