வராத அம்மைக்கு ஊற்றிய தண்ணீர்

நாகஜோதி போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இராஜபாளையம் மருத்துவத் துணிக் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் டாக்டரிடம் போவது. முகத்தில் ஊசி போட்டுக்கொண்டு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மம்சாபுரம் வீட்டுக்கு வந்து, தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவது. ஞாயிறு எப்படியும் லீவு. திங்கட்கிழமை கம்பெனியில் எல்லாரும் போடுகிற மாஸ்க்கை அவளும் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ரகசியமாகத் திட்டம் போடுகிற எல்லாரும் ஒரு ஆளை மறந்துவிடுவார்கள். நாகஜோதி மறந்தது அடுத்த வீட்டுப் பரிபூரணம் அத்தையை.

ரகசியம் எதற்கு என்றால், அதற்குக் காரணம் ஒரு மாத்திரை அட்டை. பத்தொன்பது வயதில் அவள் முகத்தில் பரு ஏறியது. சாதாரணப் பரு இல்லை, கன்னம் இரண்டிலும் கொப்பளமாகப் பழுத்து, தலையணை உறையில் ரத்தம் படுகிற பரு. கடலை மாவு, கற்றாழை, டிவி விளம்பரத்து க்ரீம் எல்லாம் தோற்றபின் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை எட்டு மாதம் விழுங்கினாள். உதடு வெடித்தது, ஆனால் பரு அடங்கியது. கடைசி மாதத்தில் அந்த அட்டை அம்மா மாரியாத்தாள் கையில் சிக்கியது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. மாரியாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. படம் பார்க்க எழுத்து எதற்கு?

"ஏட்டி, இது பிள்ளை உண்டாகாமப் பண்ணுத மாத்திரையாட்டி?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இனி அந்த டாக்டர் வாசல் மிதிக்க மாட்டேன் என்று தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். நாகஜோதியும் செய்தாள். மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் ஆகக்கூடாது, அவ்வளவுதான் சமாச்சாரம் என்பதை எடுத்துச் சொல்ல அன்று அவளுக்கு வாய் வரவில்லை.

பரு போனது, குழி போகவில்லை. மாத்திரை முடிந்து ஆறு மாதம் தோலைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகு நுண்ணிய ஊசி வைத்த பேனாவால் குழியில் குத்தித் தோலை மேலேற்ற வேண்டும், மாதம் ஒரு தடவையாக நாலு தடவை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதுவரை காலையில் வைட்டமின் சி சொட்டு, கடைசி இரண்டு மாதம் ராத்திரி வைட்டமின் ஏ க்ரீம். "அந்த மாத்திரையே வைட்டமின் ஏவோட ஒண்ணுவிட்ட சொந்தம். அதனால ஏ மாத்திரைன்னு கடையில வாங்கித் தின்னுறாதே, பூசுறதோட நிறுத்து" என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார். சொட்டுப் பாட்டிலை நாகஜோதி சென்ட் பாட்டில் என்று அம்மாவை நம்பவைத்திருந்தாள். சென்ட் அடித்தும் மகளிடம் ஒரு வாசனையும் வரவில்லையே என்று மாரியாத்தாள் ஆச்சரியப்பட்டதோடு சரி.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மரத்துப்போக க்ரீம் பூசி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு அந்தப் பேனா வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு கன்னத்தில் ஊர்ந்தது. பொட்டுப் பொட்டாக ரத்தம் அரும்பியபோது நர்ஸ் முனீஸ்வரி ஒரு காஸ் துணியைப் பிரித்துத் துடைத்தாள். நாகஜோதி கடைக்கண்ணால் அந்தத் துணியைப் பார்த்தாள். வெட்டிய ஓரம் உள்ளே போன எட்டு மடிப்பு, ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

"அக்கா, இது எங்க கம்பெனி சரக்கு" என்றாள், மரத்த வாயோடு. "நான்தான் செக்கிங்."

"நூலு ஒட்டாமத்தான் இருக்கு. பேசாதே, ஆடாதே."

வலித்துக்கொண்டிருந்தபோதும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கிளம்பும்போது முனீஸ்வரி ஒரு தாள் கொடுத்தாள். நாளை சாயங்காலம் வரை முகத்தில் தண்ணீர் படக்கூடாது, வெயில் ஆகாது, கொடுத்த மருந்தைத் தவிர எதையும் பூசக்கூடாது. சிவப்பு இரண்டு நாளில் வடிந்துவிடும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது துப்பட்டா நழுவியது. அத்தை அந்த நேரம் பார்த்து உறைமோர் வாங்க வந்து நின்றிருந்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில், வீங்கிச் சிவந்து, ஊசிமுனைப் புள்ளிகள் நிறைந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"தாயே! ஆத்தா! மாரி, இங்க வா. ஆத்தா வந்திருக்கா!"

நாகஜோதி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சத்தியம் போச்சு. அவள் யோசித்து முடிப்பதற்குள் பாய் விரிந்தது, வேப்பங்குலை வந்தது, நிலையில் கட்டியாகிவிட்டது. அடுப்பில் தாளிக்க வைத்திருந்த எண்ணெய் இறங்கியது. எப்போதும் "ஏட்டி" என்று அதட்டுகிற அம்மா, "தாயி, படு தாயி" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். ஏன் லேட்டு, எங்கே போனாய் என்று ஒரு கேள்வி இல்லை. உடம்பெல்லாம் ஓய்ந்து வந்தவளுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் சிவப்பு வடியும், ஆத்தா சீக்கிரம் இறங்கிவிட்டாள் என்பார்கள், நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள். அவளை அப்போதே இரண்டு தட்டு தட்டியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் நஷ்டம் தெரிந்தது. அத்தை ஒரு கிண்ணத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டு வந்து, "முத்து ஆறட்டும்" என்று கன்னத்தருகே கையைக் கொண்டுபோனாள். நாகஜோதி பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தொட்டால் எரியுது, வேண்டாம் என்று கெஞ்சினாள். ஆத்தாளுக்கு விருப்பமில்லை போல என்று அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எடுத்துக்கொண்டு போகவில்லை, மத்தியானம் பார்க்கலாம் என்று பாய்க்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

அது பாதிதான். வெளியே அண்ணன் லிங்கேஸ்வரனின் பை திறந்து கிடந்தது. அதில் மடித்து வைத்திருந்த பனியனையும் ஓட்ட ஷூவையும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

லிங்கேஸ்வரனுக்குத் திங்கட்கிழமை காலை விருதுநகரில் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. ஞாயிறு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், சிநேகிதன் பால்பாண்டி அறையில் தங்கி, விடிந்ததும் மைதானத்தில் நிற்க வேண்டும். ஒன்றரை வருடமாகக் கண்மாய்க் கரையில் ஓடாத நாள் இல்லை. போன தடவை கயிறு ஏறுவதில் கை வழுக்கிவிட்டது. இந்த வருடத்தோடு வயது முடிகிறது, அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"தண்ணி ஊத்துத வரைக்கும் வீட்டாளு வாசப்படி தாண்டி வெளியூர் போகப்படாது" என்றாள் மாரியாத்தாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "ஆத்தாள மதிக்காமப் போயி அங்க உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

லிங்கேஸ்வரன் எதிர்த்துப் பேசியிருந்தால் நாகஜோதிக்கு ஒருவேளை தைரியம் வந்திருக்காது. அவனோ அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், "நல்லாத் தூங்குனியா பிள்ள? இளநி வெட்டிட்டு வரட்டா?" என்றான். அவன் உள்ளங்கை கயிறு உரசிக் காய்த்துப்போயிருந்தது பாயில் இருந்தபடியே தெரிந்தது.

அவளுக்குத் தன் கன்னத்துக் குழிக்கு அண்ணனின் சட்டையைக் கழற்றிப் போட்டு மூடுகிற மாதிரி இருந்தது. எழுந்து நடு வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, எனக்கு அம்மை இல்ல. டாக்டர்கிட்டப் போயி முகத்துல ஊசி குத்திட்டு வந்தேன். பருக் குழிக்கு. உன் தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், அடி விழும் என்று. அடி விழவில்லை. அத்தை அவள் தோளைப் பரிவோடு பிடித்து, "காய்ச்சல் தலைக்கு ஏறிட்டு மாரி, உளறுதா. பாயில படு தாயி" என்றாள்.

இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. பொய்யை ஒரு வார்த்தை சொல்லாமலே நம்பினார்கள், உண்மையை அழுது சொன்னால் உளறல் என்கிறார்கள். "உளறல அத்தே! என் உடம்பைத் தொட்டுப் பாரு, சுடுதா? எவளாவது தன் முகத்துலயே ஊசி குத்திக்கிடுவாளான்னுதானே கேக்க? நான் குத்திக்கிட்டேன்!" என்று கத்தியவள், தலையணைக்கு அடியில் இருந்த தாளை எடுத்து அண்ணன் கையில் திணித்தாள். "படிண்ணே. சத்தமாப் படி."

லிங்கேஸ்வரன் படித்தான். தேதி, அவள் பெயர், தண்ணீர், வெயில் எல்லாம் படித்து, கடைசி வரிக்கு வந்தான். "மஞ்சள், வேப்பிலை விழுது, கடலை மாவு முதலிய எதையும் கண்டிப்பாகப் பூசக்கூடாது." எல்லாரும் பாய்க்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

மாரியாத்தாள் மகளைத் திருப்பி, முதுகை விலக்கிப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். ஒரு முத்து இல்லை. நெற்றியில் புறங்கையை வைத்தாள், சூடு இல்லை. அதன்பிறகுதான் முதுகில் ஒரு அறை விட்டாள், வீடே கேட்கும்படி.

"ராவெல்லாம் என் ஈரக்குலை நடுங்கிக்கிட்டுக் கிடந்தேனேட்டி!" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை பாதியிலேயே நின்றது. "அப்ப உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. அந்த மாத்திரையும் நிறுத்தி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. படத்துல போட்டிருந்தது சாப்பிடுத காலத்துக்கும் பொறவு ஒரு மாசத்துக்கும்தான். வேணும்னா சத்தியம்..."

"சத்தியம் பண்ணாதே, வாயை மூடு. அடுத்த தடவை நானே வாரேன். அந்த டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுக்கிடுதேன்."

லிங்கேஸ்வரன் கொடியிலிருந்து பனியனை எடுத்தான். மாரியாத்தாள் நிலையைப் பார்த்தாள். வேப்பங்குலை அங்கேயே தொங்கியது, அவள் முகம் மறுபடி சுருங்கியது. "வராத ஆத்தாளுன்னாலும் குலை கட்டிக் கூப்பிட்டாச்சே. தண்ணி ஊத்தாம எப்படி அவுக்க? மூணாம் நாளுதானே மொதத் தண்ணி?"

இதற்குப் பதில் பேசியது அத்தைதான். அத்தை இவ்வளவு நேரம் அந்தத் தாளில் அச்சடித்திருந்த இரண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே கன்னம், முன்னும் பின்னும்.

"வந்தவளுக்குத்தான் மூணாம் நாளு. வராதவளுக்கு நாளு ஏது?" என்றாள். "ஒரு குடம் தண்ணியில வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வை மாரி. முகத்துல படாம தோளோட ஊத்தி, தப்பா நினைக்காதே தாயின்னு வழியனுப்பி விடுவோம். அவளுக்கும் மதுரைக்கு இந்தப் பக்கம் ஆயிரம் சோலி இருக்கும்."

அப்படியே செய்தார்கள். இரண்டு மணிக்கு, முகத்துக்கு ஒரு தட்டை மறைத்துப் பிடித்துக்கொண்டு, தோளோடு நாகஜோதிக்குத் தண்ணீர் ஊற்றினாள் அத்தை. மாரியாத்தாள் மனதாரக் கும்பிட்டுவிட்டுத் தன் கையாலேயே குலையை அவிழ்த்தாள். நாலு மணிக்கு லிங்கேஸ்வரன் பஸ் ஏறினான். வாசல் நிழலில் நின்று அவனை வழியனுப்பிய நாகஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆறு மாதத்துக்கு மேல் சுமந்த ரகசியம் இறங்கியதில் உடம்பே லேசாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. கயிறு ஏறிவிட்டான், ஓட்டத்திலும் தேறிவிட்டான். மாரியாத்தாள் போனைக் காதில் வைத்தபடி நடு வீட்டில் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் போனார்கள். மாரியாத்தாள் தன் கேள்வியைக் கேட்டு, பதிலை இரண்டு தடவை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். எழுந்து நின்றது அத்தை. பதினாலு வயதில் நிஜமாகவே ஆத்தா வந்து போன முகம் அது. எந்தக் கல்யாண வீட்டு போட்டோவிலும் அத்தை இருக்க மாட்டாள், பந்தியில் வேலை கிடக்கு என்று நழுவிவிடுவாள். அது வேலையினால் இல்லை என்று நாகஜோதிக்கு அன்றுதான் உறைத்தது, உறைத்ததும் வெட்கமாக இருந்தது.

"இது நாப்பது வருசத்துக் குழி" என்றாள் அத்தை. "நெரவுமா டாக்டரம்மா?"

"முழுசாப் போகாதும்மா. கொஞ்சம் மேலேறும்."

"கொஞ்சம் போதும்."

அத்தை வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா, சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, சோதித்துப் பார்த்து, முதலில் பூச்சு மருந்து கொடுத்து அனுப்பினார் டாக்டரம்மா. ஊசி அதற்கும் அடுத்த மாதம். அன்று முனீஸ்வரி எட்டு மடிப்புக் காஸ் துணியைப் பிரித்தபோது அத்தை நாகஜோதியின் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் கன்றிவிட்டது.

மம்சாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. நாகஜோதி துப்பட்டாவைக் கொடுத்தாள், அத்தை வாங்கவில்லை. சிவந்து வீங்கிய முகத்தோடு தெருவில் நடந்தாள். தண்ணீர் குடத்தோடு எதிரே வந்த கருத்தம்மா அந்த முகத்தைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தலைக்குமேல் தூக்கினாள்.

"தாயே!"

"கையை எறக்குட்டி" என்றாள் பரிபூரணம் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி. "ஆத்தா எனக்கு நாப்பது வருசத்துக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிட்டா. இப்ப நான்தான் ஊசி போட்டுட்டு வாரேன். லிங்கேசுவரனுக்கு ஆர்டர் வந்ததும் போட்டோ எடுக்கணும்லா, நானும் நிக்கணும்."