மூன்று தளங்களில் பாரத்வாஜம்

ஹரிராமுக்குத் தலை கிறுகிறுத்தது. தாம்பூலம் மாற்ற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அதன் பிறகு பசுமலையிலிருந்து பையனின் அப்பா ஹரிஷ்குமார் போன் போட்டு, கௌசிக கோத்திரம் என்று எங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டீர்களே, இணையத்தில் உங்கள் வீட்டுக்குப் பாரத்வாஜம் என்றல்லவா இருக்கிறது, நாங்களும் பாரத்வாஜம்தான், ஒரே கோத்திரத்தில் எப்படிப் பெண் எடுப்பது என்று கேட்டு வைத்துவிட்டார்.

என்ன கூத்து இது! ஹரிராம் பிறந்ததிலிருந்து கௌசிகம். மகள் ஸ்ரீவர்ஷினிக்கு வயது இருபத்தொன்பது. எத்தனையோ வரன் பார்த்து, இப்போதுதான் அவளுக்கே பிடித்த ஒருவன் அமைந்திருக்கிறான். பாவி மனுஷன், மகள் முகத்தைப் பார்க்கவே பயந்தார்.

சௌராஷ்டிரக் குடும்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தளத்தைத் திறந்து பார்த்தார். அதில் கௌசிகம்தான். ஹரிஷ்குமார் பார்த்தது வேறொரு தளம். இன்னும் இரண்டைத் தேடிப் பார்த்தார், அங்கேயும் பாரத்வாஜம். மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் மனுஷனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வருமா வராதா? செத்துப்போன அப்பாவை எழுப்பியா கேட்பது?

மறுநாள் காலை சிம்மக்கல்லுக்கு ஓடினார். அந்த முதல் தளத்தை நடத்துகிற கோகுல்நாத்துக்கு அங்கே நூல் கடை. மற்ற மூன்றும் தன்னுடையதிலிருந்து எடுத்த நகல்கள்தான், எடுத்தவர்கள் எடுத்த அன்றோடு சரி, திரும்பியே பார்ப்பதில்லை என்று அவன் அலுத்துக்கொண்டான்.

"ஜெராக்ஸ் எடுத்த பெறகு ஒரிஜினல்ல திருத்துனா, ஜெராக்ஸ் தானா திருந்துமாண்ணே?"

அப்படியானால் முதலில் இங்கேயும் பாரத்வாஜம் என்றா இருந்தது? கோகுல்நாத் கம்ப்யூட்டரைத் துழாவினான். ஆமாம், முதல் இரண்டு மாதம் அப்படித்தான். பிறகு ஹரிராம் வீட்டு நம்பரிலிருந்தே திருத்தியிருக்கிறார்கள். ஹரிராமுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

வீட்டில் மனைவி அலர்மேல்மங்கையிடம் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வீட்டு பாஷையான சௌராஷ்டிரத்தில் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான். அந்த விவரங்களை நிரப்பியது அவள். கோத்திரம் என்ற இடத்தில் தான் பிறந்த வீட்டுக் கோத்திரத்தை டைப் அடித்துவிட்டாள். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் கோத்திரம்தான் என்பது தெரியாதா என்ன, கை அப்படிப் போய்விட்டது. பிறகு பார்த்துத் திருத்தினாள், வெளியே சொல்ல வெட்கம்.

ஹரிராம் திட்ட வாயெடுப்பதற்குள் அவளே பசுமலைக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, அது நான் பொறந்த கோத்திரம். தப்பா நாந்தான் போட்டேன். பாத்தா நானும் ஒங்க வீட்டுப் பொண்ணுதான். அப்ப எம் மக ஒங்க மகனுக்கு மொறப்பொண்ணுதானண்ணே?"

ஹரிஷ்குமார் அவள் யார் மகள், எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்தார். அவளுடைய அப்பா பெயரைக் கேட்டதும், அட, நமக்குத் தெரிந்தவர்தான் என்று சிரித்துவிட்டார். மறைக்கிறார்களோ என்றுதான் மனசு சங்கடப்பட்டது தங்கச்சி, வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறோம் என்றார்.

ஹரிராமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை நேற்றே சொல்லியிருந்தால் இம்புட்டு அலைச்சல் உண்டா என்று கேட்டார்.

"நேத்து எங்கிட்ட எங்க கேட்டீக?" அலர்மேல்மங்கை கரண்டியை எடுத்துக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷம் ஆச்சு. பாரத்வாஜம்னதும் அது எங்க அப்பா வீட்டுக் கோத்திரம்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையே."