டிங்டாங்கில் ஏழு வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தலைப்புச் செய்தி படிக்கிறவர்கள் ஒரு ரகம், விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்கள் ஒரு ரகம். ரத்தக்காவின் கணவர் மூன்றாவது ரகம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர்; யாரும் சீண்டாத பொடி எழுத்தைப் படிப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். காணாமல் போன பூனை, பெயர் மாற்றிக்கொண்டவர், பழைய பீரோ விற்பனை என்று ஒன்று விடமாட்டார். படித்ததோடு நிறுத்தினால் தேவலை. குளித்துக்கொண்டிருக்கிறவளைக்கூடக் கதவைத் தட்டிச் சொல்வார்.

அன்றைக்கும் தட்டினார்.

"இங்க பாரு, உங்க ஆபீஸ்ல டிங்டாங்னு ஒண்ணு சொல்லுவியே, அது வேற எங்கயும் இருக்கா என்ன?"

"எங்கயும் கிடையாது. ஏன்?" தலையில் நுரையோடு பதில் சொன்னாள்.

"பேப்பர்ல போட்டிருக்கான். ஆள் தேவையாம். 'டிங்டாங்கில் குறைந்தது ஏழு வருட அனுபவம்.' தகுதி நம்பர் எட்டு."

குழாய் நின்றது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பேப்பரைப் பிடுங்கினாள்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில்தான் இருக்கிறது. ஆபீசில் எல்லோருக்கும் அவள் ரத்தக்கா. ரத்த வங்கிகளில் எந்தப் பை எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எது எத்தனை நாளில் கெட்டுப்போகும் என்று பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் புரோகிராமைப் பத்தொன்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவள். அதில் ஒரு பகுதியைப் பதினொரு வருடத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து எழுதினாள். ஒரு பை வீணாகப் போக இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், அது தேவைப்படுகிற பக்கத்து ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து மணியடிக்கும். மணியடிக்கிற சத்தத்தை வைத்து அவளே அதற்கு டிங்டாங் என்று பெயரும் வைத்தாள். அந்தப் பெயர் மூன்றாம் மாடியில் ஓர் அறையையும் அவள் வீட்டையும் தாண்டி எங்கும் போனதில்லை. உலகத்தில் அதில் ஏழு வருட அனுபவம் உள்ளவர் ஒரே ஒருத்தர். அவர் இப்போது தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

விளம்பரத்தில் கம்பெனியின் பெயர் இல்லை, வெறும் தபால் பெட்டி எண்தான். பதினொரு தகுதிகள். கடைசியில் இன்னும் பொடியாக ஒரு வரி: 'தகுதியுள்ள உள்நாட்டவர் பதினைந்து நாட்களுக்குள் தபாலில் விண்ணப்பிக்கலாம். எவரும் இல்லாத நிலையில் வெளிநாட்டவரை நியமிக்க அரசிடம் விசா அனுமதி கோரப்படும்.'

"தபால்ல!" என்று சிரித்தார் கணவர். "கம்ப்யூட்டர் வேலைக்குத் தபால்ல போடணுமாம். யாரும் போட்டுடக் கூடாதுன்னு எவ்வளவு பாடுபட்டிருக்கான் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு தகுதிகளையும் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன, அவள் எழுதியதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க பண்றது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க, உங்க உழைப்பு மேலிடத்துக்குத் தெரியட்டும்" என்று வெண்ணெய் தடவினார். இவளும் உச்சி குளிர்ந்துபோய் நாற்பத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். படம் வேறு போட்டாள். அந்த நாற்பத்து மூன்று பக்கத்தின் தலைப்புகளை அப்படியே உருவி, விசாவில் வெளிநாட்டு ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் தகுதிப் பட்டியல் ஆக்கியிருக்கிறான். பட்டியல் நீளமாக இருந்தால் உள்ளூரில் ஒருத்தரும் தேறமாட்டார்கள் என்பது அவர்கள் தொழில் சூட்சுமம். டிங்டாங் என்பது ஏதோ பெரிய வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்று நினைத்துவிட்டான், பாவம். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவர்கள் அறையில் முன்பு ஐந்து பேர். ஒவ்வொருவராக நான்கு பேரை 'சீரமைப்பு' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஏழு மாதத்துக்கு முன்னால் குறுகிய கால விசாவில் வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய வயதுதான் இருக்கும். முதுகுக்குச் சொந்தமாக ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார். இவள் அவருக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிட்டு அடுத்த மாதக் கடைசியில் போய்விட வேண்டும். அவருக்கு நீண்ட கால விசா வாங்கத்தான் இந்த விளம்பரம். மூச்சுக் காட்டாமல் போனால் நல்லதாக ஒரு நற்சான்றிதழ் தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். "உள்ளூர்ல இந்த வேலைக்கு ஆள் கிடைக்கறதில்லம்மா, நாங்க என்ன பண்றது" என்று அவளிடமே சொன்னார். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவளிடம்.

வந்தவர் மேல் அவளுக்கு வயிறு எரிந்தது உண்மை. முதல் வாரம் குட்மார்னிங்குக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் வேலை தெரிந்தவர். வந்த மூன்றாவது வாரம், பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி வருகிற வருடங்களில் அவளுடைய புரோகிராம் ஒரு நாள் பிசகுவதைக் கண்டுபிடித்தார். அதை மேனேஜரிடம் போய்ப் பற்றவைக்காமல் அவளிடம் மெல்லச் சொன்னார். அன்று அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, இப்படி ஒருத்தரோடு வேலை செய்கிறோமே என்று பெருமையாகவும் இருந்தது.

"விண்ணப்பம் போடு" என்றார் கணவர்.

"என் வேலைக்கு நானேவா?"

"உன் வேலையைத்தானே விளம்பரம் பண்ணியிருக்கான்? ஆளே இல்லைன்னு எழுதப் போறான். நீ குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கே."

"போட்டா பகைச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்த நற்சான்றிதழும் கிடைக்காது. நாற்பத்தெட்டு வயசுல கையில ஒரு பேப்பர்கூட இல்லாம எவன் வாசல்ல போய் நிப்பேன்?"

"நிக்காதே. என் கடையில உட்காரு. வர்றவங்க கண்ணாடியைத் துடைச்சுக் கொடு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கேலி போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். "நீ இல்லாதவன்னு அரசாங்கத்துக்கு ஒருத்தன் எழுதிக் கொடுக்கறதை என்னால பொறுத்துக்க முடியாது. அவ்வளவுதான்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வேலை போனால் போகிறது, பத்தொன்பது வருடம் இருந்ததே பொய் என்று ஆகிவிடுமே. திங்கட்கிழமை மதியம் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒரு பிரதி தபால் பெட்டி எண்ணுக்கு, ஒரு பிரதி விசா அனுமதி கொடுக்கிற அரசு அலுவலகத்துக்கு. இரண்டாவது யோசனை கணவருடையது. பொடி எழுத்துப் படிக்கிறவர்களோடு மோதக் கூடாது.

பத்தாம் நாள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அரசு அலுவலகத்துக்குப் பிரதி போயிருந்ததால் குப்பைத் தொட்டியில் போட வழியில்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடி. அவள் காலை ஒன்பது மணியிலிருந்து அதே மூன்றாம் மாடியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து ஐம்பத்தைந்துக்கு எழுந்து, கீழே இறங்கி, வாசலில் செக்யூரிட்டியிடம் போய் நின்றாள்.

"என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இன்டர்வியூக்கு வந்திருக்கேன்."

அவர் அவள் கழுத்தில் தொங்குகிற ஆபீஸ் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு விஷயம் புரிந்த மாதிரி நிமிர்ந்து நின்று, பார்வையாளர் சீட்டை எழுதிக் கொடுத்தார். 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் அவர் தயங்க, அவளே மேனேஜரின் பதவியை எழுதினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேனேஜர், ஆட்களை எடுக்கிற பிரிவின் அதிகாரி அம்மாள், மூன்றாவது ஆள் வெளிநாட்டிலிருந்து வந்தவர். தொழில்நுட்பக் கேள்வி கேட்க ஒருத்தர் வேண்டும் என்பது விதி. தெரிந்த நாலு பேரையும் துரத்திவிட்டதால், அவளைச் சோதிக்கக் கம்பெனியில் மிச்சம் இருந்தது அவளுடைய இடத்துக்கு வந்தவர்தான். மேனேஜருக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. தன் விசாவுக்குத் தானே வேட்டு வைத்துக்கொள்கிற மனிதன் உண்டா என்ன?

அதிகாரி அம்மாள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டாவதைக் கடைசிக்கு விட்டு, மற்ற பத்துக்கும் ரத்தக்கா பதில் சொன்னாள். எந்த வருடம், எந்த வேலை, என்ன தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று காகிதம் பார்க்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய முதுகு நேரானது. இவ்வளவையும் யாரும் இதுவரை அவளிடம் உட்கார்ந்து கேட்டதில்லை.

"எட்டாவது, டிங்டாங்" என்று மேனேஜர் குறுக்கே வந்தார். "இதுல சான்றிதழ் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அதுக்கு யார் சார் சான்றிதழ் கொடுப்பாங்க? கொடுக்கறதா இருந்தா நான்தான் கொடுக்கணும்."

அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மேனேஜர் விடவில்லை. "அனுபவத்தை நிரூபிக்கணும். ஏழு வருஷம். அதான் விதி. சார், நீங்க கேளுங்க" என்று வந்தவர் பக்கம் திரும்பினார்.

வந்தவர் தன் நோட்டைத் திறந்தார். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். "ஒரே ஒரு கேள்வி. கடைசிப் பை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரே நேரத்துல தேவை. டிங்டாங் யாருக்குக் கொடுக்கும்?"

"யாருக்கும் கொடுக்காது" என்றாள். "ரெண்டு டாக்டரையும் ஒரே போன்ல கோத்து விட்டுடும். அவங்க பேசி முடிவு பண்ணணும். யார் பொழைக்கணும்னு மிஷின் முடிவு பண்ண நான் விடலை. அப்ப இருந்த மேனேஜர் வேகம் போதாதுன்னு சொன்னார். மூணு மாசம் சண்டை போட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்த போனைக் கோக்க எட்டு செகண்டுக்கு மேல ஆனதில்லை."

வந்தவர் மதிப்பெண் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார்.

"இது என் பேர்ல ஏஜென்சி கொடுத்த தகுதிப் பத்திரம். இதுல எனக்கு டிங்டாங்ல ஏழு வருஷ அனுபவம்னு போட்டிருக்கு. நான் எழுதினதில்லை. நேத்துதான் பார்த்தேன். எனக்கு ஏழு மாசம்தான். அதுவும் இவங்க கத்துக் கொடுத்தது."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அம்மாள் அந்தக் காகிதத்தை எடுத்து, இரண்டு முறை படித்து, தன் கோப்புக்குள் வைத்தார். "தகுதியான உள்நாட்டு விண்ணப்பதாரர் இருக்காங்கன்னு அரசுக்கு இன்னிக்கே எழுதிடறேன்" என்றார். "வேலை உங்களுதுதாம்மா. எப்பவும் உங்களுதுதான்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். கணவருக்குச் சொல்ல போனை எடுத்தவள், பக்கத்து நாற்காலியைப் பார்த்து வைத்துவிட்டாள். வந்தவர் தலையணையை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"உங்க விசா?" என்றாள்.

"அடுத்த மாசத்தோட முடியுது."

"பேசாம இருந்திருக்கலாமே நீங்க. என்மேல கோபம் இல்லையா?"

அவர் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல என் நாற்காலிக்கும் இதே மாதிரி ஒரு விளம்பரம் வந்துச்சு மேடம். இன்னொரு நாட்டுலேர்ந்து ஆள் எடுக்க. நான் அதைப் பார்த்தேன். படிச்சேன். மடிச்சு வச்சுட்டு, பொட்டியைக் கட்டிக்கிட்டு, நானும் ஒரு ஏஜென்சியைத் தேடிப் போயிட்டேன். விண்ணப்பம் போடலாம்னு எனக்குத் தோணவே இல்லை."

"உங்க இடத்துக்கு வந்தவர் எப்படி?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா பண்றார். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. கண் கலங்கியும் இருந்தது. ஏழு மாதமாக அந்த இரண்டையும் சுமந்துகொண்டு அலைந்தவள் அவள். அதை இப்போது இன்னொருத்தர் முகத்தில் பார்த்தாள்.

எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"இன்னும் என்னம்மா?" என்றார் அவர், களைத்துப்போய்.

"எங்க ரூம்ல நாலு நாற்காலி காலியா இருக்கு சார். தனியாளா இழுக்க முடியாது. நாலுக்கும் விளம்பரம் போடுங்க. நீங்க அனுப்பின நாலு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். அவங்க எல்லாரும் வருவாங்களான்னு தெரியாது. இடம் மிஞ்சினா அதுக்கு வெளிநாட்டுலேர்ந்து வந்த அவரும் விண்ணப்பம் போடட்டும், உள்ளதை உள்ளபடி எழுதி."

"போன விளம்பரத்துலயே பட்டது போதாதா?"

"அது தெரியாதவன் எழுதினது சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை நான் எழுதறேன்."